சுழல்பட்டை சுஷி உணவகங்கள் எப்படி இயங்குகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்குப் பயணம் செய்யவிருப்பவர்களும், அந்நாட்டு உணவுப் பழக்கங்களைப் பற்றி அறிய விரும்புபவர்களும் சுழல்பட்டை சுஷி உணவகங்களைக் குறித்து வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பார்வைக்கு விளையாட்டாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் பின்னால், நல்ல மீனைச் சாமானிய மக்களின் கைக்கு எட்டும் விலையில் கொடுக்க வேண்டும் என்ற தீவிரமான நோக்கமும், அதற்காக 60 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்துவரும் பொறியியல் உழைப்பும் இருக்கின்றன.

சுழல்பட்டை சுஷி உணவகம் என்றால் என்ன?

சமையலறையில் தயாராகும் சுஷி சிறு தட்டுகளில் வைக்கப்பட்டு, இருக்கைகளை ஒட்டி இடைவிடாமல் நகர்ந்துகொண்டிருக்கும் கன்வேயர் பட்டையில் விடப்படும். வாடிக்கையாளர் தமக்குப் பிடித்தது எதிரே வரும்போது அதைத் தட்டோடு எடுத்துச் சாப்பிட்டு, முடிவில் காலித் தட்டுகளின் எண்ணிக்கைக்கும் நிறத்துக்கும் ஏற்பப் பணம் செலுத்துவார். ஒரு தட்டில் பெரும்பாலும் இரண்டு துண்டுகள் இருக்கும். ஜப்பானியர் இவ்வகை உணவகத்தைக் ‘கைத்தென் சுஷி’ என்கிறார்கள்.

சுஷி என்றாலே பச்சை மீன் என்று பலர் எண்ணுகிறார்கள். வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்த சோறுதான் அதன் அடிப்படை. அந்தச் சோற்றின்மேல் மீனும் வரலாம், அவித்த இறாலும் வரலாம், முட்டையும் வரலாம், வெறும் வெள்ளரிக்காயை உள்ளே வைத்தும் சுருட்டலாம். சோறில்லாமல் பரிமாறப்படும் பச்சை மீனுக்குச் சஷிமி என்று பெயர்.

இந்த யோசனை யாருக்கு, எதனால் தோன்றியது?

ஒசாகா நகரை அடுத்த ஃபுசே என்ற பகுதியில் சிறிய சுஷிக் கடை நடத்திவந்த யோஷியாகி ஷிராயிஷி என்பவருக்கே இந்தப் பெருமை சேரும். இன்று ஹிகாஷி ஒசாகா எனப்படும் அந்தப் பகுதி, அப்போது சிறு தொழிற்சாலைகள் நிறைந்த இடம். வேலை முடிந்தோ இடைவேளையிலோ வரும் தொழிலாளர்களுக்கு வயிறு நிறைய வேண்டும், சீக்கிரம் கிடைக்க வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும். கூட்டம் பெருகப் பெருகக் கடையில் ஆள் போதவில்லை. ஆளைக் கூட்டினால் விலையையும் கூட்ட வேண்டியிருக்கும். இந்த நெருக்கடியில் இருந்தபோது, அசாஹி நிறுவனத்தின் பீர் ஆலையில் பாட்டில்கள் வரிசையாகப் பட்டையில் நகர்ந்து செல்வதைப் பார்த்த அவருக்கு, தட்டுகளையும் இப்படியே நகர்த்தினால் என்ன என்று தோன்றியது.

அந்த எண்ணம் கடையாக உருப்பெற்றது 1958 ஏப்ரலில். ‘மவாரு கென்ரோகு சுஷி’ என்ற பெயரில் முதல் கடை திறக்கப்பட்டது. பட்டையுடன் கூடிய அந்த உணவு மேசைக்கான உரிமை 1962-இல் பதிவானது. 1970-இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியில் இது இடம்பெற்றபோதுதான் நாடு முழுவதும் இதை அறிந்துகொண்டது. 1978-இல் காப்புரிமை முடிவுற்றதும் மற்ற நிறுவனங்கள் துணிந்து இத்தொழிலில் இறங்கின. ஷிராயிஷி 2001-இல், தமது 87-ஆம் வயதில் காலமானார்.

அக்காலத்துச் சுஷிக் கடைகளைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மரபான கடைகளில் கைவினைஞருக்கு எதிரே அமர்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுச் சாப்பிட வேண்டும். பல மீன்களுக்கு விலைப்பட்டியலே இருக்காது, அன்றைய சந்தை விலை என்று மட்டும் எழுதியிருப்பார்கள். கூலித் தொழிலாளி ஒருவர் தம் பிள்ளைகளுடன் அங்கே நுழையத் தயங்கியதில் வியப்பில்லை. தட்டின் நிறமே விலையைச் சொல்லும் முறை வந்தபோது அந்தத் தயக்கம் நீங்கியது. பட்டை மிச்சப்படுத்திய ஆட்கூலியைக் காட்டிலும், இந்த வெளிப்படையான விலையே ஷிராயிஷி செய்த பெரிய மாற்றம் என்பது என் கருத்து.

பட்டை எப்படி நகர்கிறது? மூலைகளில் தட்டு விழாமல் இருப்பது எப்படி?

தொழிற்சாலைகளில் உள்ள சாதாரண ரப்பர் பட்டை நேர்க்கோட்டில் நன்றாக ஓடும். குறுகிய கடையின் மூலையில் சட்டென்று திரும்பாது. ஷிராயிஷிக்கும் மிகுந்த தொல்லை கொடுத்தது இந்த மூலைதான். இன்று நாம் காணும் பட்டையை உற்றுப் பார்த்தால், அது ஒரே துண்டாக இல்லாமல் பிறை வடிவச் சிறு தகடுகளின் வரிசையாக இருப்பது தெரியும். ஒவ்வொரு தகடும் அடியில் ஓடும் சங்கிலியில் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு தகட்டின் வளைந்த முன்விளிம்பு அடுத்த தகட்டின் குழிந்த பின்விளிம்பில் அமர்ந்திருப்பதால், சங்கிலி திரும்பும்போது தகடுகள் ஒன்றையொன்று தழுவிக்கொண்டே நழுவுகின்றன. நடுவே இடைவெளி விழுவதில்லை, மேலுள்ள தட்டும் அசைவதில்லை. சங்கிலியை இழுக்கும் மோட்டார் பட்டைக்கு அடியில் மறைவாக இருக்கும்.

ஜப்பானில் பயன்படும் சுஷிப் பட்டைகளில் ஏறத்தாழ அனைத்தையும் இஷிகாவா மாகாணத்தைச் சேர்ந்த இரண்டே நிறுவனங்கள் தயாரிக்கின்றன. ஒன்று கனசாவாவிலுள்ள இஷினோ நிறுவனம், மற்றொன்று நிப்பான் கிரசென்ட். இருக்கைக்கு எதிரிலேயே தேநீருக்கான வெந்நீர்க் குழாயைப் பொருத்தும் வசதியை 1970-களில் கொண்டுவந்ததும் இஷினோதான். தேநீர் ஊற்றுவதற்கென்றே ஓடிக்கொண்டிருந்த பணியாளர்களின் வேலை அதன்பின் வெகுவாகக் குறைந்தது.

வேகம் எவ்வளவு? ஏன் அந்த வேகம்?

விநாடிக்கு 8 சென்டிமீட்டர் என்பது ஷிராயிஷி பலமுறை சோதித்துக் கண்ட அளவு. இதற்கும் மெதுவாக நகர்ந்தால் பசியோடு காத்திருப்பவர் பொறுமை இழப்பார். வேகமாக நகர்ந்தால் காற்றுப் பட்டு மீன் உலர்ந்துவிடும், எடுக்க நினைப்பவரும் தடுமாறுவார். இந்த வேகத்தில் ஒரு தட்டு ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க 12 விநாடிக்குச் சற்று அதிகமாகும். வருவது என்ன என்று அடையாளம் கண்டு, வேண்டுமா என்று யோசித்து, கையை நீட்டுவதற்கு அந்த நேரம் சரியாகப் போதும்.

ஜப்பானில் பட்டை பெரும்பாலும் கடிகாரச் சுற்றில் நகரும். வெளிப்புறம் அமர்ந்து பட்டையை நோக்குபவருக்குத் தட்டுகள் வலமிருந்து இடமாகச் செல்லும். வலக்கையில் குச்சிகளைப் பிடித்திருப்பவர் இடக்கையால் தட்டை எடுக்க இது வசதி என்று விளக்கம் சொல்வார்கள். ஆனால் குடும்ப இருக்கைகளில் எதிரெதிரே அமர்பவர்களில் ஒருவருக்கு வலமாக வருவது மற்றவருக்கு இடமாக வரும் என்பதால், இந்த விளக்கத்துக்கு இன்று பெரிய பொருளில்லை.

இருக்கைகள் எவ்வாறு அமைந்திருக்கும்?

பழைய கடைகளில் பட்டை நீள்வட்டமாகச் சுற்றும். உள்ளே கைவினைஞர்கள் நின்று சுஷி பிடிப்பார்கள், வெளியே வாடிக்கையாளர்கள் வரிசையாக உட்காருவார்கள். தனியாக வருபவர்களுக்கு இது பொருத்தம். நால்வராக வருகிற குடும்பம் ஒருவரையொருவர் பார்த்துப் பேச முடியாது. இதனால் பிற்காலத்தில், சமையலறையைச் சுவருக்குப் பின்னால் ஒதுக்கி, அங்கிருந்து பட்டை பல கிளைகளாக வெளியே நீண்டு திரும்பும்படி அமைத்து, ஒவ்வொரு கிளையின் இருபுறமும் மேசைகளைச் செங்குத்தாகப் போட்டார்கள். நகர்ப்புற வேலையாட்களின் கடையாக இருந்தது நெடுஞ்சாலையோரக் குடும்ப உணவகமாக மாறியதற்கு இந்த அமைப்பே வழிவகுத்தது. இதில் கைவினைஞர் கண்ணில் படுவதில்லை என்பது ஒரு குறைதான்.

சுஷியை யார் செய்கிறார்கள்? மனிதரா, இயந்திரமா?

ஒரே பெயரில் பல கிளைகளை நடத்தும் பெரிய சங்கிலி உணவகங்களில் சோற்றைப் பிடிப்பது இயந்திரம். அதன்மேல் மீன் துண்டை வைப்பது மனிதர். தின்பண்ட இயந்திரங்கள் செய்துவந்த சுசுமோ என்ற நிறுவனம், 1981-இல் முதல் சுஷி இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நெல் உபரியாகிவிட்டதென்று உழவர்களைச் சாகுபடிப் பரப்பைக் குறைக்கச் சொன்ன அரசின் கொள்கை அந்நிறுவனரை வருத்தியது. சோறு உண்ணும் வழக்கத்தைப் பெருக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்தே அவர் இந்த இயந்திரத்தை உருவாக்கினார். நெல்லை நம்பி வாழும் நாட்டவரான நமக்கு அந்த வருத்தம் எளிதில் புரியும்.

இயந்திரம் செய்வது எளிய வேலை என்று கருதிவிட வேண்டாம். ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் எடையுள்ள சோற்று உருண்டை, குச்சியால் எடுக்கும்போது உடையக்கூடாது. வாயில் வைத்ததும் பருக்கை பருக்கையாக உதிர வேண்டும். அழுத்தம் கூடினால் உள்ளே காற்று இல்லாமல் கட்டியாகிவிடும். சோறும் குளிர்ந்துவிடாமல் உடல் சூட்டளவில் இருக்க வேண்டும். பல ஆண்டுப் பயிற்சியால் கைவினைஞரின் விரல்கள் அறிந்த அழுத்தத்தை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க நெடுங்காலம் பிடித்தது. தேர்ந்த கைவினைஞரின் சுஷிக்கு அது இன்றும் ஈடாகாது. ஆயினும் ஒரு சிறுவனின் பிறந்தநாளுக்கு 40 தட்டு சுஷியைத் தந்தையால் அச்சமின்றி வாங்கித்தர முடிகிறதென்றால், அதற்கு இந்த இயந்திரமும் ஒரு காரணம்.

பட்டையில் நெடுநேரம் சுற்றிய தட்டு நம்மிடம் வந்துவிடாதா?

நியாயமான ஐயம் இது. இதைத் தீர்க்கவே பெரிய நிறுவனங்கள் அதிகப் பணம் செலவிட்டிருக்கின்றன. சுஷிரோ நிறுவனம் தட்டின் அடியில் சிறு மின்னணுச் சில்லைப் பதித்து, ஒவ்வொரு தட்டும் எவ்வளவு தூரம் சென்றது என்று கணக்கிட்டது. 350 மீட்டரைக் கடந்த தட்டைக் கருவியே பட்டையிலிருந்து தள்ளி அகற்றியது. விநாடிக்கு 8 சென்டிமீட்டர் என்று வைத்துப் பார்த்தால் அது ஏறத்தாழ 73 நிமிட நேரம். குரா சுஷி நிறுவனம் 1990-களின் பிற்பகுதியிலிருந்தே நேர வரம்பு வைத்துத் தட்டுகளை அகற்றிவருகிறது. 2011 முதல் ஒவ்வொரு தட்டுக்கும் ஒளி ஊடுருவும் மூடியையும் போட்டுவருகிறது.

அகற்றுவதைவிட, வீணாகாத அளவுக்கு மட்டும் தயாரிப்பதே மேலான வழி. ஒரு மேசையில் பெரியவர் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர், அவர்கள் அமர்ந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற விவரங்களை வைத்து, அடுத்த ஒரு நிமிடத்திலும் 15 நிமிடத்திலும் என்ன தேவைப்படும் என்று சுஷிரோவின் கணினி மதிப்பிட்டுச் சமையலறைக்குத் தெரிவித்தது. இப்போதுதான் அமர்ந்தவர் ஆவலோடு தொடர்ந்து எடுப்பார். அரை மணி கழிந்தவர் இனிப்பைத் தேடுவார். அனுபவமுள்ள பரிமாறுபவர் பந்தியைப் பார்த்தே உணர்வதைக் கணினி எண்களால் உணர்ந்தது.

இவ்வளவு குறைந்த விலை எப்படிக் கட்டுப்படியாகிறது?

மீனின் தரத்தைக் குறைத்து விலையைக் குறைக்கிறார்கள் என்பது பரவலான சந்தேகம். உண்மையில் ஆட்கூலியில்தான் அவர்கள் மிச்சம் பிடிக்கிறார்கள். பரிமாற ஆள் வேண்டாம், தட்டை எண்ண ஆள் வேண்டாம், பல இடங்களில் பணம் வாங்கவும் ஆள் வேண்டாம். சாப்பாடு கண்ணெதிரே தயாராக இருப்பதால் மேசையும் விரைவில் காலியாகி அடுத்தவருக்குக் கிடைக்கும். மீனையும் நிறுவனங்கள் உலகின் பல பகுதிகளிலிருந்து பெருமளவில் கொள்முதல் செய்து உறைநிலையில் சேமித்துவைக்கின்றன. சூரை மீனில் லாபம் மிகக் குறைவு. முட்டை, சோளம், வெள்ளரிச் சுருள் போன்றவையும் பக்க உணவுகளும் இனிப்புகளும் அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன.

வரியைச் சேர்க்காமல் தட்டு 100 யென் என்பது நெடுங்காலம் இத்தொழிலின் அடையாளமாகவே இருந்தது. மீன், எண்ணெய், போக்குவரத்து எல்லாம் விலையேறியதால் 2022 அக்டோபரில் சுஷிரோ தன் மிகக் குறைந்த விலையை வரியுடன் 110 யென்னிலிருந்து 120 யென்னாக உயர்த்தியது.

பச்சை மீன் சாப்பிடுவது பாதுகாப்பானதா?

கடல்மீன்களில் அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும். மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் குளிரில் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் உறையவைத்தால் அது இறந்துவிடும். சங்கிலி உணவகங்களின் மீனில் பெரும்பகுதி உறையவைக்கப்பட்டு வருவதால், இந்த ஆபத்து அங்கே குறைவு. பட்டையில் மிகுதியாகச் செல்லும் சால்மனுக்குத் தனி வரலாறு உண்டு. ஜப்பானியர் தங்கள் கடற்பகுதிச் சால்மனை ஒட்டுண்ணி அச்சத்தால் பொதுவாகப் பச்சையாக உண்பதில்லை. 1980-களில், தீவனமிட்டுப் பண்ணையில் வளர்த்த தன் சால்மனைச் சுஷிக்கு ஏற்றதென்று நார்வே முயன்று அறிமுகப்படுத்தியது. முதலில் தயங்கிய மக்கள் பின்னர் ஏற்றுக்கொண்டனர். குழந்தைகள் அதை மிகவும் விரும்பினர்.

கருவுற்றிருப்பவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் பச்சை மீனைத் தவிர்த்து, அவித்த இறால், வாட்டிய விலாங்கு போன்ற சமைத்த வகைகளைத் தேர்ந்துகொள்வது நல்லது.

உள்ளே நுழைந்ததும் என்ன செய்ய வேண்டும்?

வாசலில் உள்ள தொடுதிரையில் எத்தனை பேர் என்று பதிந்தால் எண் அச்சிட்ட சீட்டு வரும். அழைக்கும்போது சென்று அமரலாம். மேசையில் பச்சைத் தேயிலைப் பொடியும் கோப்பையும் இருக்கும். பொடியைக் கோப்பையில் இட்டு, மேசையிலுள்ள குழாயின் பொத்தானைக் கோப்பையால் அழுத்தினால் வெந்நீர் வரும். புதிதாக வருபவர்கள் இதைக் கை கழுவும் குழாய் என்று எண்ணிக் கையை நீட்டிவிடுகிறார்கள். அதில் வருவது கொதிநீர். குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் அமர்ந்தவுடனேயே இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

பட்டையிலிருந்து எடுக்கும்போது தட்டோடு சேர்த்தே எடுக்க வேண்டும். ஒரு துண்டை மட்டும் எடுக்கக்கூடாது. கை வைத்த தட்டைத் திரும்பப் பட்டையில் வைப்பது பெரும் பிழையாகக் கருதப்படும். மூடியுள்ள கடையில் தட்டின் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கினால் மூடி தானாகத் திறந்துகொள்ளும். மூடியைத் தொட வேண்டியதே இல்லை. தனி நிறக் கிண்ணத்தின்மேல் அமர்ந்து வரும் தட்டு வேறொருவர் சொல்லி வரவழைத்தது; அது உங்களுடையதல்ல. ஊறவைத்த இஞ்சி ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இடையே நாக்கைத் தெளிவாக்கிக்கொள்வதற்கு. வசாபி என்ற காரமான பச்சை விழுதைப் பல சங்கிலி உணவகங்கள் இப்போது சுஷிக்குள் வைக்காமல் தனிப் பொட்டலமாகவே தருவதால், காரம் கூடிவிடும் என்ற அச்சம் வேண்டாம்.

பட்டையில் இல்லாததைக் கேட்க முடியுமா?

முடியும். மேசைத் திரையில் படத்தைத் தொட்டால் போதும். பல கடைகளில் தமிழ் இல்லாவிட்டாலும் ஆங்கிலம் இருக்கும். கேட்டது வழக்கமான பட்டைக்கு மேலேயுள்ள விரைவுப் பாதையில் நேரே உங்கள் மேசைக்கு வந்து நிற்கும். கப்பா சுஷியின் சில கடைகளில் அது புல்லட் ரயில் வடிவ வண்டியில் வரும். தட்டை எடுத்துக்கொண்டு, வண்டியைத் திருப்பி அனுப்பும் பொத்தானை அழுத்த மறக்கக்கூடாது.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கவனம் வேண்டும். வெள்ளரிச் சுருளும், புளிக்கவைத்த சோயா பயறு வைத்த நத்தோ சுருளும் பெரும்பாலான கடைகளில் உண்டு. பார்வைக்கு மீன் கலவாததாகத் தோன்றும் இனிப்பு முட்டைச் சுஷியிலும், பொரித்த டோஃபுப் பையில் சோறு அடைத்த இனாரியிலும் ‘தாஷி’ என்ற சாறு சேர்ந்திருக்கும். அது உலரவைத்த சூரை மீனைச் சீவிக் கொதிக்கவைத்து எடுப்பது. இலங்கைச் சமையலில் மாசிக் கருவாடு செய்யும் வேலையை ஜப்பானியச் சமையலில் இது செய்கிறது. புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்துச் செய்யும் மிசோ சூப்பிலும் இதுவே அடிப்படை. மீன் வாடையே கூடாது என்பவர்கள் வெள்ளரிச் சுருளோடும் பழங்களோடும் நிறுத்திக்கொள்வதே நல்லது.

பணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

பழைய முறையில் பணியாளர் வந்து அடுக்கிய தட்டுகளை நிறவாரியாக எண்ணிச் சீட்டு எழுதுவார். சில்லு பதித்த தட்டுகளாயின் கருவியை அடுக்கின் பக்கம் காட்டினாலே கணக்கு வந்துவிடும். குரா சுஷியில் மேசையிலேயே ஒரு துவாரம் இருக்கும். அதில் போடும் தட்டுகள் எண்ணப்பட்டு, அடியில் ஓடும் நீரில் மிதந்து கழுவுமிடத்துக்குப் போய்விடும். ஐந்து தட்டு போட்டால் திரையில் ஒரு விளையாட்டு ஓடும். வென்றால் சிறு பொம்மை கிடைக்கும். நான்காவது தட்டோடு நிறுத்த எந்தக் குழந்தையும் சம்மதிப்பதில்லை.

ஜப்பானுக்கு வெளியே இத்தகைய உணவகங்கள் உண்டா?

பல நாடுகளில் உண்டு. 1997-இல் சிங்கப்பூரில் சக்காயே சுஷியும், அதே ஆண்டில் லண்டனில் யோ சுஷியும் தொடங்கப்பட்டன. சிங்கப்பூர்த் தமிழர்களில் பலருக்குச் சுஷி முதலில் அறிமுகமானது சக்காயே போன்ற உணவகங்களின் வழியாகத்தான்.

சுழலும் பட்டைகள் மறைந்துவருகின்றன என்பது உண்மையா?

பெருமளவு உண்மை. பட்டையில் விடப்படும் தட்டு உண்ணப்படாமல் போனால் நட்டம் என்பதால், சொன்னதை மட்டும் அனுப்பும் முறைக்குச் சில நிறுவனங்கள் முன்பே மாறத் தொடங்கியிருந்தன. 2023 ஜனவரியில் கிஃபு நகரச் சுஷிரோ கடை ஒன்றில் இளைஞர் ஒருவர் சோயா சாஸ் பாட்டிலின் வாயை நக்கி, எச்சில் விரலால் பட்டையில் சென்ற சுஷியைத் தொட்ட காணொளி பரவியது. அது பொதுமக்களிடையே பெரும் அருவருப்பை உண்டாக்கியது. சுஷிரோவின் தாய் நிறுவனத்தின் பங்கு விலையும் சரிந்தது. நிறுவனம் தொடுத்த இழப்பீட்டு வழக்கு அவ்வாண்டு ஜூலையில் சமரசத்தில் முடிந்தது. அதன்பின் சுஷிரோ, சொன்னதை மட்டும் அனுப்பும் முறைக்கு மாறியது. பட்டையில் தட்டுகள் வருவதைப் பெரிய திரையில் படமாகக் காட்டும் இருக்கைகளையும் கொண்டுவந்தது.

யார் கைக்கும் எட்டும் இடத்தில், காவலின்றி உணவு நகர்ந்து செல்வதற்கு வாடிக்கையாளர்களின் மீது வைத்த நம்பிக்கைதான் ஆதாரம். சிலர் செய்த காரியத்துக்காக அந்த ஏற்பாடே கைவிடப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. பெயர் தெரியாத மீனைக் கண்ணால் கண்டு, துணிந்து எடுத்து, சுவை அறியும் வாய்ப்பு திரையில் படத்தைத் தொடும்போது கிடைப்பதில்லை. தெரிந்ததையே மீண்டும் மீண்டும் கேட்கிறோம்.

பெரிய நிறுவனங்களில் குரா சுஷி மட்டும் பட்டையை நிறுத்த மறுத்தது. 2023 மார்ச்சில், மூடியைச் சந்தேகத்துக்குரிய விதத்தில் திறந்து மூடுவதைக் கண்டறியும் கேமராக்களைப் பொருத்தி, தட்டுகளைத் தொடர்ந்து ஓடவிட்டது. 2025-இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஏறத்தாழ 135 மீட்டர் நீளப் பட்டையையும் அந்நிறுவனம் அமைத்தது. ஜப்பானுக்குச் செல்பவர்கள் சுஷி சுழன்று வருவதைத் தம் கண்ணால் பார்க்க விரும்பினால், குரா சுஷியையோ, இன்னும் பட்டையை ஓட்டிவரும் சிறிய உள்ளூர்க் கடைகளையோ தேர்ந்தெடுக்கலாம். கடைக்குக் கடை நிலைமை வேறுபடுவதால், சீட்டு எடுப்பதற்கு முன் உள்ளே எட்டிப் பார்த்துப் பட்டையில் தட்டுகள் ஓடுகின்றனவா என்று உறுதிசெய்துகொள்வது நல்லது.